முதலாம் கிரகோரி (திருத்தந்தை)

திருத்தந்தை முதலாம் கிரகோரி (சுமார் 540 – மார்ச் 12, 604) கத்தோலிக்கத் திருச்சபையின் 64 ஆவது திருத்தந்தை ஆவார். 590 முதல் 604 வரை பதவி வகித்த இவர், பெரிய கிரகோரி என்றும் அழைக்கப்படுகிறார். சீடர்களின் பாதங்களைக் கழுவிய இயேசுவின் வழியில், தலைமை என்பது பணிவிடையே என்னும் கருத்தை அன்றாட நிர்வாகத்தில் கடைப்பிடிக்க முயன்றவர் இவர். தம் கடிதங்களில் தம்மைக் கடவுளுடைய ஊழியர்களின் ஊழியன் என்று குறிப்பிட்டார். 1582 இல் கிரகோரியன் நாட்காட்டியை அறிமுகப்படுத்தியவர் பதின்மூன்றாம் கிரகோரி, இருவரையும் குழப்பிக்கொள்ளலாகாது.

== இளமையும் துறவும் ==

கிரகோரி உரோமை நகரின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை கோர்தியானுஸ், தாய் சில்வியா. சுமார் 573 இல் நகரின் தலைமை நிர்வாகியாக இருந்தார். தந்தையின் மறைவுக்குப்பின் அப்பதவியைத் துறந்து, சேலியன் குன்றில் இருந்த குடும்ப மாளிகையைத் துறவு மடமாக மாற்றித் தாமும் துறவியானார். சிசிலித் தீவில் தமக்கிருந்த நிலங்களைக் கொண்டு மேலும் ஆறு மடங்களை நிறுவினார். ஆயினும் 579 இல் திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுஸ் இவரைத் தம் தூதராகக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பினார். அங்கு சுமார் ஆறு ஆண்டுகள் இருந்தார்.

589 இன் இறுதியில் டைபர் ஆற்று வெள்ளம் உரோமையின் தானியக் கிடங்குகளை அழித்தது. தொடர்ந்து வந்த கொள்ளைநோயில் 590 பெப்ரவரியில் பெலாஜியுஸ் இறந்தார். மக்கள் கிரகோரியைத் தேர்ந்தெடுத்தனர். தம் தேர்வுக்கு ஒப்புதல் தரவேண்டாம் எனப் பேரரசர் மொரீசுக்கு எழுதியும் பயனில்லை. செப்டம்பர் 3, 590 அன்று திருநிலைப்படுத்தப்பட்டார். மடத்தின் அமைதியை இழந்த வருத்தம் இவருடைய எழுத்துக்களில் இறுதிவரை காணப்படுகிறது.

== திருச்சபை நிலங்களும் ஏழைகளும் ==

கிரகோரி எழுதியவற்றுள் சுமார் 850 கடிதங்கள் கிடைத்துள்ளன. இவரது தலைமைப் பண்பை அறிய இவையே சிறந்த ஆதாரம் எனலாம். சிசிலியில் திருச்சபைக்குப் பெரும் நிலங்கள் இருந்தன. அவற்றைக் கவனித்துவந்த பேதுரு என்பவருக்கு 591 அளவில் எழுதிய நீண்ட கடிதத்தில், தானியம் அளக்கும் மரக்கால் உரிய அளவைவிடப் பெரிதாக இருந்து குடியானவர்கள் ஏமாற்றப்படுவதைத் தடைசெய்தார். திருமணத்தின்போது அவர்களிடம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தார். விளைச்சலை விற்குமுன்னரே வரியின் முதல் தவணையைக் கட்ட அவர்கள் கடுவட்டிக்குக் கடன் வாங்குவதை அறிந்து, திருச்சபைப் பணத்திலிருந்தே முன்பணம் கொடுத்துச் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறுமாறு பணித்தார். இதே பேதுரு ஒருமுறை ஒரு மோசமான குதிரையையும் ஐந்து நல்ல கழுதைகளையும் அனுப்பியபோது, இரண்டிலும் தாம் ஏறமுடியாத நிலையைக் கேலியாகச் சுட்டிக்காட்டினார்.

நிலங்களின் வருவாய் உரோமையின் ஏழைகளுக்கும், லொம்பார்டியரிடமிருந்து தப்பிவந்த அகதிகளுக்கும் உணவாயிற்று. உதவி பெறுவோரின் பெயர்ப்பட்டியல் ஒன்று பேணப்பட்டது. நகரில் ஒருவர் பட்டினியால் இறந்ததை அறிந்து, தாமே அவரைக் கொன்றதுபோல் கருதிச் சில நாட்கள் திருப்பலி நிறைவேற்றாதிருந்தார் என 9 ஆம் நூற்றாண்டில் இவர் வரலாற்றை எழுதிய யோவான் கூறுகிறார். 593 இல் லொம்பார்டிய மன்னர் அகிலுல்ஃப் நகரை முற்றுகையிட்டபோது, திருச்சபைப் பொன்னைக் கொடுத்து அவரைத் திரும்பச் செய்தார். பேரரசருக்கு இது பிடிக்கவில்லை.

== ஆயர்பணி நெறி ==

பதவியேற்ற சிறிது காலத்தில் எழுதிய இந்நூல் நான்கு பகுதிகளைக் கொண்டது. தலைமைப் பொறுப்புக்கு யார் வரலாம், வந்தவர் எவ்வாறு வாழவேண்டும் என்பவற்றை முதலிரு பகுதிகள் கூறுகின்றன. மிக நீண்டதான மூன்றாம் பகுதி, ஏழை, செல்வர், கோபக்காரர், பொறுமைசாலி எனப் பலதரப்பட்டவர்களுக்கும் வெவ்வேறு முறையில் அறிவுரை கூறவேண்டும் என்கிறது. மிகச் சிறிய நான்காம் பகுதி, தலைவர் தம் குறைகளை நாள்தோறும் நினைவுகூர வேண்டும் என்பதாகும். 9 ஆம் நூற்றாண்டில் மன்னர் ஆல்ஃபிரெட் இதனைப் பழைய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

== பட்டப்பெயர்ச் சர்ச்சை ==

கான்ஸ்டாண்டிநோபிள் மறைமுதுவர் நான்காம் யோவான் உலகப் பொது மறைமுதுவர் என்னும் பட்டத்தைப் பயன்படுத்தியதை 595 இல் கிரகோரி எதிர்த்தார். அலெக்சாந்திரியாவின் மறைமுதுவர் யூலோஜியுஸ் அதே போன்ற பட்டத்தால் தம்மை அழைத்தபோது அதையும் ஏற்க மறுத்தார். ஊழியர்களின் ஊழியன் என்னும் தொடரை யோவானுக்குப் பதிலடியாகவே உருவாக்கினார் என்பது பரவலான கதை. ஆனால் இவர் திருத்தந்தையாவதற்கு முன்னரே அதனைப் பயன்படுத்தியிருக்கிறார். இவருக்கு முன்பும் பிறர் பயன்படுத்தியுள்ளனர். பிற்காலத்தில் இது திருத்தந்தையரின் நிலையான பட்டங்களுள் ஒன்றாயிற்று. தாழ்மையைக் குறிக்க வந்த சொல் பட்டமாக மாறியது முரண்தான்.

== விமர்சனங்கள் ==

திருச்சபை நிலங்களில் இருந்த அடிமைமுறையை கிரகோரி ஒழிக்கவில்லை. அடிமைகள் சிலரை விடுவித்தார். ஆனால் அடிமைச் சிறுவன் ஒருவனைப் பரிசாகவும் அனுப்பினார். 602 இல் மொரீசையும் அவர் மகன்களையும் கொன்று அரியணை ஏறிய ஃபோகாசை வாழ்த்தி எழுதிய கடிதம், இவரைப் போற்றுவோர்க்கும் விளக்கம் கூறக் கடினமானது.

== இறுதிக்காலம் ==

கடைசி ஆண்டுகளில் மூட்டுவாத நோயால் பெரும்பாலும் படுக்கையிலிருந்தே கடிதங்களைச் சொல்லி எழுதச் செய்தார். மார்ச் 12, 604 அன்று காலமாகி, புனித பேதுரு பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்து வந்த சபினியான், பஞ்சகாலத்தில் திருச்சபைத் தானியத்தை இலவசமாக வழங்காது விற்றதால் மக்களின் வெறுப்புக்கு ஆளானார். கிரகோரியின் திருநாளைக் கத்தோலிக்கர் செப்டம்பர் 3 அன்றும், கிழக்கு மரபுவழித் திருச்சபையினர் மார்ச் 12 அன்றும் கொண்டாடுகின்றனர்.