மோட்டார் மேல பழி போடாதீங்க! பொம்மை ரயிலுக்கும் வழிகாட்டிய வெர்னர் சீமென்ஸ்

திருவண்ணாமலை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்தான் விளையாட்டு. எங்கள் வீட்டுக் கூடத்தில் தரை முழுக்க மாடல் ரயில் தண்டவாளம். இன்ஜின் ஜோராகக் கிளம்பும். வளைவு தாண்டியதும் திக்கித் திக்கி நின்றுவிடும். விரலால் லேசாகத் தள்ளினால் ஓடும், அடுத்த சுற்றில் அதே இடத்தில் மறுபடி நிற்கும். மோட்டார் போச்சு என்று பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

மோட்டார் நல்லாத்தான் இருந்தது. அதற்குக் கரன்ட் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்குக் கரன்ட்டை எப்படிக் கொடுப்பது? சுமார் 145 வருடங்களுக்கு முன்பே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் வெர்னர் சீமென்ஸ்.

சிறைக்குள் ஒரு ஆய்வகம்

1816-ல் ஜெர்மனியின் ஹானோவர் அருகே லெந்தே என்ற கிராமத்தில் பிறந்தார் வெர்னர். அப்பா குத்தகை விவசாயி. வீடு நிறையப் பிள்ளைகள். கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை. ராணுவத்தில் சேர்ந்தால் இன்ஜினீயரிங் இலவசமாகப் படிக்கலாம் என்பதால் பிரஷ்யப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1839-ல் அம்மாவும் 1840-ல் அப்பாவும் அடுத்தடுத்து இறந்துபோக, தம்பி தங்கைகளின் பொறுப்பு 23 வயது இளைஞரின் தலையில் விழுந்தது.

சம்பளம் போதாது. மின்சாரத்தால் தங்க முலாம் பூசும் முறையை ஆராயத் தொடங்கினார். நடுவில், இரண்டு அதிகாரிகள் போட்ட ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் ஒருவருக்குத் துணையாக நின்ற குற்றத்துக்காக மாக்டபர்க் கோட்டையில் அடைத்தார்கள். மனிதர் அசரவில்லை. ரசாயனங்களை வரவழைத்து, சிறை அறையையே ஆய்வகமாக்கிவிட்டார். சீக்கிரமே மன்னிப்பு கிடைத்து விடுதலை உத்தரவு வந்தபோது, சோதனை பாதியில் நிற்கிறதே என்றுதான் வருத்தப்பட்டாராம்!

1847-ல் மெக்கானிக் யோகான் ஹால்ஸ்கேயுடன் சேர்ந்து பெர்லினில் தந்திக் கருவிப் பட்டறை தொடங்கினார். அதுதான் இன்றைய சீமென்ஸ் நிறுவனத்தின் ஆரம்பம். சகோதரர்களும் தொழிலில் கைகோத்தார்கள். அவர்கள் அமைத்த தந்திப் பாதையால் 1870-ல் லண்டனும் கல்கத்தாவும் இணைந்தன. சுமார் 11,000 கிலோமீட்டர். கப்பலில் வாரக்கணக்கில் வந்த செய்தி, சோதனை நாளில் 28 நிமிடத்தில் வந்து சேர்ந்தது.

நடுவில் ஒரு மூன்றாவது தண்டவாளம்

1866-ல் டைனமோ தத்துவத்தைக் கண்டறிந்தார். நிரந்தரக் காந்தம் தேவையில்லை. இரும்பில் மிச்சமிருக்கும் துளிக் காந்தசக்தியே போதும், இயந்திரம் தானாகவே வேண்டிய மின்சாரத்தைப் பெருக்கிக்கொள்ளும். ஆக, நிறைய மின்சாரம் தயார். அதை ஓடும் வண்டிக்குள் ஏற்றுவதுதான் பாக்கி.

1879-ல் பெர்லின் தொழிற்காட்சியில் ஒரு குட்டி ரயிலை ஓட்டினார். சுமார் 300 மீட்டர் வட்டப் பாதை, 3 பெட்டிகள், 18 பயணிகள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பட்டை. அதிலிருந்து 150 வோல்ட் இன்ஜினுக்குள் போய், சக்கரங்கள் வழியாகத் தண்டவாளத்தில் திரும்பியது. நம்ம வீட்டுப் பொம்மை ரயிலுக்குக் கொஞ்சம் பெரிய அண்ணன்! நான்கு மாதத்தில் 80,000 பேருக்கு மேல் ஏறிப் பார்த்தார்கள்.

குதிரைகள் துள்ளிய கதை

1881-ல் பெர்லினை ஒட்டிய லிஷ்டர்ஃபெல்டவில் மின்சார டிராம் ஓடியது. இந்தமுறை நடுப்பட்டைகூட இல்லை. ஒரு தண்டவாளத்தில் கரன்ட் வரும், மறு தண்டவாளத்தில் திரும்பும். இன்றைய மாடல் ரயில்களில் பெரும்பாலானவை இதே முறைதான்.

ஆனால் பொம்மைக்கு 12 வோல்ட், டிராமுக்கு 180 வோல்ட். தெருவைக் கடக்கும் குதிரைகளின் லாடம் இரண்டு தண்டவாளத்திலும் பட்டதும் ஷாக் அடித்துத் துள்ளின. எளிமையான வழிதான், ஆனால் தெருவுக்கு ஆபத்து. வெர்னர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அதே 1881-ல் பாரிஸ் கண்காட்சியில் மேலிருந்து கரன்ட் எடுக்கும் டிராமையும், 1882-ல் மேல்கம்பியில் ஓடும் வண்டியையும் காட்டினார். 1892 டிசம்பரில் அவர் இறந்தபோது, கரன்ட் தலைக்கு மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

இந்தப் பாடத்தை நம்ம சென்னையும் படித்தது. 1895-ல் ஓடிய மதராஸ் டிராம், தரைக்கடியில் உள்ள பள்ளத்திலிருந்து கரன்ட் எடுத்தது. மழைக்கு அது தாங்குமா? பிறகு மேல்கம்பிக்கு மாறினார்கள்.

உங்கள் வீட்டு ரயில் நிற்கிறதா?

பொம்மை ரயிலுக்கு மேல்கம்பி தேவையில்லை. வெர்னரைப் போல, கரன்ட் எங்கே அறுகிறது என்று தேடினால் போதும்.

* முதலில் பவரை அணைத்துவிட்டு, பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தைத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். கீறல் விழுந்தால் அழுக்கு அதில்தான் குடியேறும்.
* இன்ஜின் சக்கரங்களில் கறுப்பு அழுக்கு படிந்திருக்கும். அதையும் துடையுங்கள்.
* சக்கரத்தின் பின்னால் மெல்லிய பித்தளைத் தகடு உரசிக்கொண்டிருக்கும். சக்கரத்திலிருந்து மோட்டாருக்குக் கரன்ட்டை எடுத்துப்போவது அதுதான். விலகியிருந்தால் பொறுமையாக வளைத்துத் தொடவையுங்கள். அழுத்தினால் சக்கரம் இறுகும்.
* ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம் தண்டவாள இணைப்பின்மேல். இறுக்கிப் பாருங்கள். பாதை நீளமென்றால் இன்னும் சில இடங்களில் ஒயர் கொடுங்கள்.
* கிளைப்பாதை பிரியும் இடத்தில் பிளாஸ்டிக் துண்டு இருந்தால் குட்டி இன்ஜின் திணறும். அதிகச் சக்கரங்களில் கரன்ட் எடுக்கும் இன்ஜின்தான் அங்கே தப்பிக்கும்.

எங்கள் வீட்டில் குற்றவாளி வளைவில் தளர்ந்திருந்த ஓர் இணைப்பு. இறுக்கியதும் ரயில் நிற்காமல் சுற்றியது. அன்று சாயங்காலம் பையனைத் திருவண்ணாமலை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். காட்பாடி பக்கமிருந்து வந்த ரயிலின் கூரையைப் பார்த்தான். கம்பியை உரசியபடியே வந்துகொண்டிருந்தது இன்ஜின். கரன்ட் அங்கிருந்துதான் வருகிறது என்று நான் சொல்வதற்குள் அவனே கையை நீட்டிக் காட்டினான்.