காரைதீவு தந்த விபுலானந்த அடிகள்

கல்முனைத் தெருவழியே தெற்கு நோக்கிச் செல்வோர், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே காரைதீவைக் காண்பர். முஸ்லிம் ஊர்கள் இரண்டின் நடுவே அமைந்த அவ்வூரில், 1892ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாய்ப் பிறந்தவர் மயில்வாகனனார். பின்னாளில் சுவாமி விபுலானந்தர் என உலகம் போற்றியது அவரையே. அடிகளின் யாழாராய்ச்சியைப் பலரும் அறிவர். ஆயினும், அவர் பாடசாலைகளை நிருவகித்த பணியை நம் வாலிபர் அறிதல் அதனினும் அவசியமாகும்.

கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் அவர் பயின்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். பின்னர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். மிஷனரிமார் பாடசாலை நடத்தும் ஒழுங்கை அவர் அருகிருந்து கண்டவர். நானும் மிஷன் பாடசாலையில் படித்தவனே. அக்கல்விக்கு என்றும் நன்றியுடையேன். பிறர் நடத்துவதைக் குறை கூறித் திரிவதினும், அவ்வாறு நாமும் நடத்திக் காட்டுதலே மேல் என்பதை அடிகளின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.

அவர் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராய் விளங்கிய காலம். பட்டமும் பதவியும் கைகூடியிருந்தன. எனினும், 1922இல் அவற்றைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார். மறு ஆண்டு தாயகம் திரும்பி, மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். இவ்வரிசையை நாம் கவனிக்க வேண்டும். முதலில் தம்மை ஆண்டார். பின்னரே பாடசாலைகளை ஆண்டார். தமக்கென ஒரு சதமும் வேண்டாதவரிடம் பொதுச்சொத்தை ஒப்படைக்க மக்கள் அஞ்சுவரோ?

அக்காலத்தில் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கு அரசாங்கம் பணவுதவி செய்யும். காணி, கட்டிடம், மேற்பார்வை ஆகியவை முகாமையாளர் பொறுப்பு. அச்சுமையை அடிகள் தோளில் ஏற்றார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரான பின்னரும், அருகிலிருந்த திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். உள்ளம் விரிந்தவருக்குப் பேராசிரியர் பீடமும் சேரித் திண்ணையும் ஒன்றே.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூன் மாதத்தில் யாழ்நூல் அரங்கேறியது. ஜூலை 19இல் அடிகள் மறைந்தார். சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவர் திருமேனி சமாதியில் வைக்கப்பட்டது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளுள் பெரும்பாலானவை அரசாங்கத்தின் வசமாயின. சமயவேறுபாடின்றிப் பிள்ளைகள் படிக்க வழி விரிந்தது. இது நன்மையே. ஆனால், நம் பாடசாலையை நாமே பேணும் பழக்கம் மெல்லத் தேய்ந்தது. கூரை ஒழுகினால் மனு எழுதுகின்றோம். ஏணி எடுத்து வர எவருமில்லை.

வரிப்பத்தான்சேனை வாலிபர்களே, பெரியோர்களே! மாலை வகுப்பு, வாசிகசாலை, ஏழைப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கும் நிதி ஆகியவை இன்றும் நம் கையிலேயே இருக்கின்றன. அயலூர்ச் சகோதரரின் பிள்ளைகளும் வந்து அமரக்கூடியதாய் அவை அமையட்டும். கணக்கைச் சபையில் விரித்து வையுங்கள். பதவிக்குப் போட்டியிடுமுன், அப்பதவியின்றியும் இப்பணியைச் செய்வேனா என ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்பாராக. அக்கேள்விக்கு மயில்வாகனனார் 1922இல் விடை கூறினார். நம் விடை இனிமேல்தான்.