கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – ஜூன் 1961) தமிழ்நாட்டில் பிறந்த இந்திய இயற்பியலாளர் ஆவார். இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் சி. வி. இராமனுடன் உழைத்தவர் என்றே பெரும்பாலும் அறியப்படுகிறார். ஆயினும் அவர் தம் பெயரில் வளர்த்தெடுத்த ஆய்வு, படிகங்களின் காந்தப் பண்பு பற்றியதாகும்.

இளமை

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், அக்காலத்தில் ஜார்ஜ் டவுனில் இயங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, பின்னதில் வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணிபுரிந்தார். 1920 இல் கொல்கத்தா சென்றார். 1928 இல் புதிய ஒளிச்சிதறலை அறிவித்த கட்டுரையில் இராமனுடன் இவர் பெயரும் இருந்தது. 1930 இன் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

காந்த ஆய்வுகள்

1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பின்னரே இவரது தனி ஆய்வு தொடங்கியது. பல படிகங்கள் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் காந்தமேற்பதில்லை. இவ்வேறுபாடு மிகச் சிறியது, அளப்பது கடினம். கிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்சு இழையில் கட்டிச் சீரான காந்தப்புலத்தில் தொங்கவிட்டனர். இழையின் மேல்முனையை முறுக்கும்போது படிகம் தன் நிலையிலிருந்து சிறிது சிறிதாக விலகும். விலகல் 45 பாகையை எட்டியதும் அது சட்டெனச் சுழன்றுவிடும். அதுவரை முறுக்கிய கோணத்திலிருந்து திசை வேறுபாட்டைக் கணக்கிடலாம். விலையுயர்ந்த கருவி ஏதுமின்றி இத்துணை நுட்பமான அளவீடு இயன்றது வியப்பிற்குரியது.

நாப்தலீன் போன்ற படிகங்களுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதை இவ்வளவீடுகள் காட்டின. 1936 இல் கேத்லீன் லான்ஸ்டேலுடன் இணைந்து இது குறித்து எழுதினார். 1941 இல் காரீயகத்தின் காந்தப் பண்பையும் ஆராய்ந்தார்.

பாறைகளில் காந்த அமைவு

படிகத்தில் காணும் இப்பண்பு பாறையிலும் உண்டு. களிமண் படிவாகித் தட்டையான மைக்கா, குளோரைட்டுத் துகள்கள் படுகைக்கு இணையாகக் கிடக்கும்போது, படுகைக்குச் செங்குத்தான திசையில் காந்த ஏற்புத்திறன் மிகக் குறைவாக இருக்கும். நிலவோடு நெருக்குண்டு பாறை சிலேட்டாக மாறினால் துகள்கள் புதிய பிளவுத்தளத்தை ஒட்டித் திரும்புகின்றன. குறைந்த ஏற்புத்திறனின் திசையும் உடன் திரும்புகிறது. இடைப்பட்ட நிலையில், படுகையும் பிளவுத்தளமும் வெட்டும் கோட்டின் வழியே ஏற்புத்திறன் மிகுந்திருப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத உருமாற்றத்தையும் இவ்வாறு அறியலாம்.

பாறைக்குரிய இத்துறை 1942 இல் சுவீடனின் இசிங், 1954 இல் அமெரிக்காவின் கிரகாம் ஆகியோரின் பணிகளால் உருவானது. இது கிருஷ்ணனின் ஆய்வகத்தில் பிறந்ததன்று. ஆனால் தனிப்படிகத்தின் திசை வேறுபாடு பற்றிய அறிவின்றிப் பாறையின் அளவீட்டிற்குப் பொருள் காண இயலாது.

பிற்காலம்

1940 இல் இலண்டன் வேந்தியக் கழகத்தின் உறுப்பினரானார். அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்து, 1947 இல் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். 1954 இல் பத்ம பூசண் விருதும், 1958 இல் முதலாவது பட்நாகர் பரிசும் பெற்றார். தமிழ், வடமொழி இலக்கியங்களில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். இயக்குநர் பொறுப்பில் இருந்தபோதே காலமானார்.