கணக்குக் கேட்ட கோகலே

சர்க்கார் செலவிடும் பணம் ஜனங்களுடையது. கணக்குக் கேட்கும் உரிமையும் அவர்களுடையதே. இன்று எளிதாய்த் தோன்றும் இவ்வுண்மைக்காக உழைத்துத் தேய்ந்த ஸ்ரீ கோபால கிருஷ்ண கோகலேயை நாம் மறத்தலாகாது.

1866-ல் ரத்னகிரி ஜில்லாவில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், புனா பெர்குஸன் கலாசாலையில் ஆசிரியரானார். 1897-ல் லண்டன் சென்று, இந்தியாவின் செலவினங்களை விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சியம் அளித்தார். 1902-ல் வைஸ்ராயின் சட்டசபையில் அமர்ந்தார்.

அச்சபையின் யோக்கியதை யாது? 1892-ம் வருஷத்துச் சட்டப்படி, அங்கத்தினர் வரவு செலவைப் பற்றிப் பேசலாம், வோட்டுக் கேட்கலாகாது. பெரும்பான்மையோர் உத்தியோகஸ்தர். கதவைத் திறந்ததாகக் காட்டி, உள்ளே தாழிட்டுக்கொண்டனர் ஆள்வோர். கோகலே தளர்ந்தாரில்லை. ஆண்டுதோறும் மிச்சம் விழுவதே வரி மிகையென்பதற்கு அத்தாட்சி என்று சர்க்கார் இலக்கங்களைக் கொண்டே நிரூபித்தார். ராணுவச் செலவையும் உப்பு வரியையும் இடைவிடாது கண்டித்தார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாயிருந்த உப்பு வரி, 1903 முதல் படிப்படியாகக் குறைந்து 1907-ல் ஒரு ரூபாயாயிற்று. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுக் கஞ்சிக்கும் அந்நன்மை எட்டியது.

1911-ல் அவர் கொணர்ந்த ஆரம்பக் கல்வி மசோதாவோ, மறு வருஷம் 13-க்கு 38 வோட்டுகளால் வீழ்த்தப்பட்டது. 1915-ல், 48-ம் வயதில், அவர் காலமானார்.

அந்நிய ஆட்சி 1947-ல் போயிற்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல்தான் வந்தது. கணக்கை மறைக்கும் ஆசை அந்நியர்க்கு மட்டும் உரியதன்று என்பதை நாம் இதனால் உணர்கிறோம். கேட்பாரில்லையேல் சட்டமும் ஏட்டுச் சுரைக்காயே. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தம் தெருச் சாக்கடைக்கு ஆன செலவைத் துணிந்து கேட்பாராயின், அதுவே கோகலேக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.