ஜே.சி. டேனியல்: கேமராவைக் கற்றவர், கொட்டகையைக் கணக்கிடாதவர்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் வரை, கடற்கரைச் சாலையோரம் படப்பிடிப்பு வண்டிகள் நிற்பதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். நம் சேரிப் பிள்ளைகள் சிலர் அங்கே லைட் தூக்கப் போகிறார்கள். இன்னும் சிலர் செல்போனில் குறும்படம் எடுக்கிறார்கள், நோட்டில் கதை எழுதி வைத்திருக்கிறார்கள். சினிமாவை எங்கே போய்க் கற்பது என்பதுதான் அவர்கள் எல்லோருடைய கேள்வியும். ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன்பு இதே கேள்வியோடு கன்னியாகுமரிக்குப் பக்கத்திலிருந்து புறப்பட்டவர் ஜே.சி. டேனியல்.

அவருடைய ஊர் அகஸ்தீஸ்வரம். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. வசதியான நாடார் கிறிஸ்தவக் குடும்பம். அந்தச் சாதிப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் போராடி, 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். அதற்கு இரண்டு தலைமுறை கழித்து வந்த டேனியலிடம் நிலம் இருந்தது, படிப்பும் இருந்தது. வாள்வீச்சு போன்ற தற்காப்புக் கலைகளில் தேர்ந்தவர். வாள்வீச்சைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் எழுதியவர். அந்தக் கலைகளை நாடறியச் செய்ய ஒரு வழி தேடியபோதுதான் அவர் கண்ணில் சினிமா பட்டது.

அப்போது சினிமாவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பால்கே 1912இல் லண்டனுக்குக் கப்பலேறிக் கற்றுவந்தார். சென்னையில் முதல் தமிழ்ப் பேசாப்படம் எடுத்த நடராஜ முதலியார், ஒரு வெள்ளைக்காரக் கேமராக்காரரிடம் தொழில் பழகினார். டேனியல் முதலில் சென்னைக்குத்தான் வந்தார். ஸ்டுடியோ எதிலும் உள்ளே விடவில்லை. அங்கிருந்து பம்பாய் போனார். அங்கே, தான் ஒரு பள்ளி ஆசிரியர் என்றும், மாணவர்களுக்குச் சினிமாவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்றும் சொல்லித்தான் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். பொய்தான். ஆனால் நல்ல பொய் என்பேன். பாடம் எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். கற்றுக்கொண்டு, கருவிகளும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

நிலத்தை விற்றார். 1926இல் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். கேரளத்தில் அதுதான் முதல் ஸ்டுடியோ. படத்தின் பெயர் ‘விகதகுமாரன்’. கதை, தயாரிப்பு, இயக்கம், கதாநாயகன் எல்லாமே அவர்தான். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவர் கைப்படவே நடந்தன. அன்றைய கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றும் வேகம் கூடினால் திரையில் மனிதர்கள் ஊர்வார்கள், குறைந்தால் ஓடுவார்கள். வசனம் கிடையாது என்பதால், கதை எழுதுகிறவர் எல்லாவற்றையும் முகத்திலும் செய்கையிலும்தான் சொல்ல வேண்டும். அதிலும் அடங்காததை இரண்டு வரி எழுத்தாகக் காட்டலாம். திரைக்கதை எழுதப் பழகும் மாணவர்கள், வசனமே இல்லாமல் ஒரு காட்சி எழுதிப் பாருங்கள், அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

நாடே புராணப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் டேனியல் சமூகக் கதையை எடுத்தார். திருவிதாங்கூரில் கடத்தப்பட்ட பணக்கார வீட்டுப் பையன் இலங்கைத் தோட்டத்தில் கூலியாகிறான். அங்கிருந்து அவன் திரும்பி வருவதுதான் கதை.

கதாநாயகி சரோஜினி ஒரு நாயர் பெண். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை ஒத்துவரவில்லை. குடும்பப் பெண்கள் நடிப்பதைக் கேவலமாக நினைத்த காலம் அது. கடைசியில் அந்த வேடத்தில் நடித்தவர், புல்லறுத்துப் பிழைத்த புலையர் சமூகத்துப் பெண் ராஜம்மா என்கிற பி.கே. ரோஸி. காக்காரசி நாடகம் ஆடிப் பழகியவர். டேனியல் பார்த்துப் பார்த்துக் கற்ற கலையை, ரோஸி தெருக்கூத்து மேடையில் ஆடியே கற்றிருந்தார். நம் கூத்துக்காரர்களுக்கு இது புரியும்.

படம் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரையிடப்பட்டது. ரோஸி அங்கே இருந்தால் வரமாட்டோம் என்று பெரிய மனிதர்கள் சொல்லிவிட்டார்கள். தான் நடித்த படத்தின் முதல் காட்சியை அவர் அவர்களோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. திரையில் புலையப் பெண் நாயர் பெண்ணாக வருவதைக் கண்டதும் கொட்டகைக்குள் கல் பறந்தது, திரை கிழிந்தது. அதோடு விடாமல் ரோஸியையும் துரத்தினார்கள். அவர் குடிசை கொளுத்தப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின விவசாயி படம் எடுத்துக்கொண்டிருந்தார். தான் எழுதிய நாவல்களை வீடு வீடாக விற்றவர் அவர். அப்படிப் பழக்கமான விவசாயிகளிடமே பங்கு விற்றுப் பணம் திரட்டி, 1919இல் முதல் படத்தை முடித்தார். பிறகு படச்சுருள்களைத் தானே சுமந்துகொண்டு கறுப்பினத்தவர் பார்க்கும் கொட்டகைகளுக்கு ஊர் ஊராகப் போனார். எங்கே, யார் முன்னால் திரையிடுவது என்பதையும் அவர் தொழிலின் ஒரு பகுதியாக வைத்திருந்தார். டேனியலுக்கு அப்படி ஒரு கொட்டகை இல்லை. திருவனந்தபுரத்துச் சேரிகளில் படத்தைக் காட்டியிருந்தால் கல் விழுந்திருக்காது. ஆனால் அன்று டிக்கெட் வாங்கும் காசு சேரியில் இல்லை. கேமராவைக் கற்ற அளவுக்கு அவர் இந்தக் கணக்கைப் போடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

கடன் ஏறியது. கருவிகளை விற்றார், ஸ்டுடியோவை மூடினார். பிறகு பல் வைத்தியம் படித்துத் தமிழ்நாட்டு ஊர்களில் பல் டாக்டராக இருந்து பிழைத்தார். நடிகர் பி.யு. சின்னப்பாவின் பழக்கத்தில் மறுபடியும் சினிமாவுக்குப் போய், இருந்ததையும் இழந்தார். முதுமையில் அகஸ்தீஸ்வரம் திரும்பினார். 1956இல் அந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டிருந்ததால், அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லிக் கேரள அரசு உதவித்தொகையை மறுத்தது. பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவருக்காக விடாமல் எழுதினார். 1975இல் டேனியல் இறந்தார். மிஞ்சியிருந்த படச்சுருளை, விவரம் தெரியாத வயதில் அவருடைய மகனே எரித்து விளையாடிவிட்டான். இன்று ‘விகதகுமாரன்’ படத்தின் ஒரு அடி ஃபிலிம்கூட இல்லை. 1992 முதல் கேரள அரசின் உயரிய திரைவிருது டேனியல் பெயரில் வழங்கப்படுகிறது.

ரோஸி லாரியில் ஏறி நாகர்கோவில் பக்கம் தப்பி வந்தார். லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, மீண்டும் ராஜம்மாளாக வாழ்ந்தார். கேமரா முன்னால் மறுபடி நிற்கவே இல்லை. தான் நடிகையாக இருந்ததை வெளியே சொல்லாமலே காலம் கழித்தார். இப்போது அவர் பெயரில் சென்னையில் ஏப்ரல் மாதத்தில் நீலம் பண்பாட்டு மையம் ஒரு திரைப்பட விழா நடத்துகிறது. சாதியைப் பேசும் படங்களைத் திரையிட்டு, எடுத்தவர்களையும் அழைத்துப் பேசுகிறார்கள். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போய்வரக்கூடிய தூரம்தான்.