சிறுவன் கொடுத்த நன்கொடை

1822-ம் ஆண்டு பிரான்ஸ் தேசத்து டோல் என்னும் ஊரில், தோல் பதனிடுபவரின் மகனாய்ப் பிறந்தவர் லூயி பாஸ்டர். 1885 ஜூலை 6-ந் தேதி, வெறிநாயால் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டரை அவன் தாய் அவரிடம் கொண்டுவந்தாள். நாய்களிடம் பலன் கண்டிருந்த மருந்தை அவர் மனக்கலக்கத்தோடு அவனுக்கு ஊசியேற்றச் செய்தார். சிறுவன் பிழைத்தான்.

பல தேசங்களிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள், இடம் போதவில்லை. 1886-ல் ஆராய்ச்சிசாலை கட்ட நன்கொடை திரட்டப்பட்டது. ரஷ்யச் சக்கரவர்த்தி கொடுத்தார், எளியோரும் கொடுத்தார்கள். கொடுத்தோர் பட்டியலில் மெய்ஸ்டரின் பெயரையும் கண்டு பாஸ்டர் மனமுருகினாராம். சேர்ந்த தொகை 25 லட்சம் பிராங்குக்கு மேல். 1888 நவம்பர் 14-ந் தேதி பாரிஸ் நகரில் அந்த ஆராய்ச்சிசாலை திறக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெறிநாய்க்கடிக்கென்று கொடுத்த பணம் அந்த நோயோடு நின்றுவிடவில்லை. பாஸ்டரின் சாலையில் பயின்ற யெர்சின் என்பவர், 1894-ல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது, அங்கே ஒரு குடிசையில் இருந்துகொண்டே அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். மறு வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டர் மரித்தார்.

புது நோய் எங்கே, எப்போது கிளம்பும் என்று எவரும் அறியார். கிளம்பிய பிறகு பணம் தேடினால் காலம் கடந்துவிடும். ஆகையால் ஆராய்ச்சிக்கென்று உங்களிடம் உதவி கேட்கப்படும்போது, பலன் எங்கே என்று கேட்டுக் கையை மூடாதீர்கள். சிறுதொகைதானே என்று வெட்கப்படவும் வேண்டாம். நீங்கள் கொடுப்பது, நீங்கள் காணாத ஒரு பிள்ளையைப் பிழைக்க வைக்கலாம்.