கனவில் தாமதித்தவர்களும் இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களும்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு சுபுஹு தொழுகைக்கு வரும் இளைஞர்களில் ஒருவர், ஒரு நாள் ஜமாஅத் கலைந்த பின்பும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். தென் மாவட்டத்துக்காரர். என்ன தம்பி என்று விசாரித்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறதாம். ஊரில் தகப்பனாரின் ஜனாஸா காத்திருக்கிறது. இவர் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போதே ரயில் நகர்ந்துவிடுகிறது. எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தால், மையித்தை எடுத்துப் போய்விட்டார்கள். இது ஏதும் கெட்ட அறிகுறியா ஹஜ்ரத் என்று கேட்டவரின் கையில் ஒரு கனவுப் பலன் புத்தகம் இருந்தது. அட்டையில் இமாம் இப்னு ஸீரீன் அவர்களின் பெயர்!

அந்தப் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, அந்த இமாமின் வாழ்க்கையையே அவருக்குச் சொன்னேன். வாசக சகோதர சகோதரிகளுக்கும் அதையே சொல்கிறேன்.

முஹம்மது இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 33ஆம் ஆண்டில், உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் பிறந்தவர்கள். ஈராக்கிலுள்ள பஸரா நகரமே அவர்களுடைய ஊர். தகப்பனார் ஸீரீன், செம்புப் பாத்திரத் தொழிலாளி. ஐனுத் தம்ர் போரில் சிறைப்பட்டு, நபி (ஸல்) அவர்களின் பணியாளராக இருந்த அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களின் அடிமையானவர். தவணை முறையில் பணம் செலுத்தி விடுதலை பெறும் ஒப்பந்தம், உமர் (ரலி) அவர்களின் தலையீட்டால் எழுதப்பட்டது. ஸீரீன் தவணை நாள் வரும் முன்பே முழுத் தொகையையும் கொண்டு வந்து நின்றார் என்று கூறப்படுகிறது. தாயார் ஸஃபிய்யா, அபூபக்ர் (ரலி) அவர்களால் விடுதலை செய்யப்பட்டவர். சகோதரி ஹஃப்ஸாவும் பெரும் மார்க்க அறிஞர்.

இமாம் அவர்கள் துணி வியாபாரம் செய்தார்கள். அபூஹுரைரா (ரலி), அனஸ் (ரலி) போன்ற நபித்தோழர்களிடம் ஹதீஸ் கேட்டு அறிவித்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நோன்பு வைப்பார்கள். பகலில் மக்களோடு சிரித்துப் பேசுவார்கள். இரவில் அவர்கள் அழும் ஓசை அண்டை வீட்டாருக்குக் கேட்கும்.

கனவுக்கு விளக்கம் சொல்வதில் அவர்களுக்கு நிகர் இல்லை என்று பெயர் பெற்றிருந்தார்கள். தான் பாங்கு சொல்வதாகக் கனவு கண்ட இருவர் வந்தார்களாம். ஒருவருக்கு ஹஜ் கிடைக்கும் என்றார்கள். மற்றவரைப் பார்த்து, திருட்டுக்காகக் கை போகும் என்றார்கள். கனவு ஒன்றுதான், ஆனால் கண்ட மனிதர்கள் வேறு. அந்த மனிதரைப் பார்க்காமல் எந்தப் புத்தகம் பலன் சொல்லிவிட முடியும்? அவர்கள் பெயரில் இன்று விற்கப்படும் கனவு நூல்களோ, அவர்கள் எழுதியவை அல்ல. நெடுங்காலத்துக்குப் பின்பு தொகுக்கப்பட்டவை என்பது அறிஞர்களின் முடிவு.

இன்னொன்றும் கவனியுங்கள். கேட்கப்பட்ட கனவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அவர்கள் விளக்கமே சொல்லவில்லை. விழித்திருக்கும்போது அல்லாஹ்வைப் பயந்து நடந்துகொள், தூக்கத்தில் கண்டது உனக்குத் தீங்கு செய்யாது என்ற கருத்தில் புத்தி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

கனவு மூன்று வகை என்ற புகழ்பெற்ற ஹதீஸை அபூஹுரைரா (ரலி) அவர்களிடமிருந்து அறிவித்தவர்களும் இந்த இமாமே. நல்ல கனவு அல்லாஹ்வின் நற்செய்தி. கவலையூட்டும் கனவு ஷைத்தானுடையது. மூன்றாவது, மனிதன் தன் மனதோடு பேசிக்கொள்வது. விரும்பாததைக் கண்டவர் அதை யாரிடமும் சொல்லித் திரியாமல் எழுந்து தொழட்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

இனி, அவர்களுடைய வாழ்வின் கடினமான காலத்துக்கு வருவோம். 40,000 திர்ஹத்துக்குக் கடனாக எண்ணெய் வாங்கினார்கள். ஒரு பாத்திரத்தில் எலி செத்துக் கிடந்தது. அது செக்கிலேயே விழுந்திருந்தால் எல்லா எண்ணெயும் அசுத்தமாகியிருக்குமே என்று அஞ்சி, முழுவதையும் கொட்டிவிட்டார்கள். கடனை உரிய காலத்தில் அடைக்க முடியவில்லை. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுக்க, சிறை கிடைத்தது. முன்பொரு காலத்தில் ஓர் ஏழையை அவனுடைய வறுமையைச் சொல்லிக் குத்திக் காட்டியதன் தண்டனையே இது என்று தம்மையே நொந்துகொண்டார்கள். தவணைக்கு முன்பே பணம் கட்டிய தகப்பனாரின் மகன், தவணை தவறிச் சிறையில் இருந்தார்!

சிறைக் காவலர் இரக்கப்பட்டு, இரவில் வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வந்துவிடுங்கள் என்றார். ஆட்சியாளர் உம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தில் நீர் மோசடி செய்ய நான் துணை போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில், ஹிஜ்ரி 93 வாக்கில், அனஸ் (ரலி) அவர்கள் வஃபாத்தானார்கள். இப்னு ஸீரீனே தம்மைக் குளிப்பாட்டித் தொழவைக்க வேண்டும் என்பது அவர்களின் வஸிய்யத். ஜனாஸா காத்திருக்கிறது, இமாம் சிறையில்! அமீரிடம் அனுமதி வாங்கி வந்தார்கள். அப்போதும் இமாம் அவர்கள் புறப்படவில்லை. என்னைச் சிறைவைத்தவர் அமீர் அல்ல, கடன் கொடுத்தவர். அவரிடம் கேளுங்கள் என்றார்கள். அவரும் சம்மதித்த பிறகே சென்று, குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைத்துவிட்டு, வீட்டுப் பக்கம் கூடப் போகாமல் நேரே சிறைக்குத் திரும்பினார்கள்.

ஹிஜ்ரி 110இல் (கி.பி. 729), ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் மறைந்து சுமார் நூறு நாட்களுக்குப் பின் இமாம் அவர்கள் வஃபாத்தானார்கள். அவர்கள் மீது எஞ்சியிருந்த கடனை மகன் அப்துல்லாஹ் அடைத்தார்.

இதையெல்லாம் கேட்டு முடித்த இளைஞரிடம், தம்பி, ஊருக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்றேன். எட்டு மாதம் என்றார். காரணம்? பெரியத்தாவிடம் வாங்கிய பணத்தைத் திருப்பவில்லை. வாப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்ற கூச்சம். தகப்பனாருக்கோ உடல் நலமில்லை.

கனவின் விளக்கம் அங்கேயே கிடைத்துவிட்டது. அது மரணச் செய்தி அல்ல, மூன்றாவது வகை. பகலில் தள்ளிப்போட்டதை மனம் தூக்கத்தில் பேசியிருக்கிறது. ரயில் தவறவில்லை தம்பி, நீர்தான் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்றேன். பெரியத்தாவிடம் நேரில் போய்த் தவணை கேட்கும்படியும் சொன்னேன். அந்த வாரமே போய்த் தகப்பனாரைப் பார்த்து வந்தார்.

ஜமாஅத்துக்குப் பிந்திவிட்டதாகக் கனவு கண்டு கலங்குகிறவர்களும் உண்டு. கைபரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் அயர்ந்து தூங்கி, சூரியன் உதித்த பிறகே சுபுஹு தொழுதார்கள். தூக்கத்தில் குற்றமில்லை, விழித்திருந்து வக்தைத் தவற விடுவதிலேயே குற்றம் என்று நமக்குக் கற்றுத் தந்தார்கள். உண்மையான தூக்கத்துக்கே இந்தச் சலுகை என்றால், வெறும் கனவுக்கு ஏன் நடுங்க வேண்டும்?

ஆகவே, தாமதமாகிவிட்டதாகக் கனவு கண்டு எழுந்தால் அஊது ஓதி, இடப்பக்கம் மும்முறை இலேசாக உமிழ்ந்து, புரண்டு படுங்கள். அல்லது எழுந்து தொழுங்கள். விடிந்ததும், கொடுக்க வேண்டிய கடன், பார்க்க வேண்டிய பெற்றோர், களாவான தொழுகை இவற்றில் எது பாக்கி என்று கணக்குப் பாருங்கள். ஆனால் அவசரத்தில் தவறான வாசல் வழியே ஓடாதீர்கள். இமாம் அவர்கள் ஜனாஸாவுக்குக் கூட அப்படி ஓடவில்லை.

நம் கடமைகளை உரிய காலத்தில் நிறைவேற்றும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.